பயத்துக்கு இன்னொரு பெயர்

என் படுக்கையறை மூலையில் ஒரு கறுப்புக் கூடாரம் நிற்கிறது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஐந்தடி உயரம். வெளியே தடித்த கறுப்புத் துணி, முன்பக்கம் ஜிப். திறந்தால் நாலு பக்கமும் மினுங்கும் மைலார் தாள், மேலே தொங்கும் எல்ஈடி பலகை, ஓரத்தில் கையடக்கமான ஒரு ஃபேன். வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன தம்பி?" என்று கேட்டார். "கீரைக்கா" என்றேன். "கீரைக்கு எதுக்கு இத்தனை ஒளிவு மறைவு?" என்று சிரித்துக்கொண்டே பெருக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு என்னிடம் ஒரு தொழில்நுட்பப் பதில் இருந்தது. வெளிச்சம் சிதறாமல் இலைமேலேயே விழ வேண்டும், இரவில் அறைக்குள் வெளிச்சம் கசிந்து குழந்தையின் தூக்கம் கெடக் கூடாது, அவ்வளவுதான். ஒளிவு மறைவு என்ற சொல் எனக்கு உறைக்க இன்னும் எட்டு மாதம் ஆனது.

சேலையூருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே இரண்டாம் மாடியில் எங்கள் ஃப்ளாட். வாங்கும்போது கிழக்குப் பால்கனியில் பத்தரை மணி வரை வெயில் விழும். துளசி, கற்பூரவல்லி, நாலு மிளகாய்ச் செடி, ஒரு தொட்டி புதினா என்று வைத்திருந்தோம். மூன்றாவது வருடம் பக்கத்து மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்து, எங்கள் பால்கனியை ஒட்டினாற்போல் ஒரு அடுக்ககம் எழுப்பினார்கள். தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதைதான். வெயில் போனதற்கு யாரிடமும் முறையிட முடியாது. மிளகாய் முதலில் பூப்பதை நிறுத்தியது. துளசி ஒல்லியாகி, நீண்டு, வெளிச்சம் தேடிக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வீட்டுக்குள் வெளிச்சம் போடுவது பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

மென்பொருள்காரனிடம் செடியைக் கொடுத்தால் அவன் முதலில் ஒரு எக்செல் தாளைத் திறப்பான். நானும் திறந்தேன்.

முதல் பாடம், பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக் கூடாது. நான் வாங்கிய முதல் விளக்கின் அட்டையில் 1000 வாட் என்று இருந்தது. பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தால் 96 வாட் ஓடுகிறது. விளக்கு தின்னும் கரன்ட்டைவிட இலைமேல் விழும் வெளிச்சம்தான் முக்கியம். அதை அளக்கும் கருவி விலை அதிகம். ஆனால் போனில் இருக்கும் லக்ஸ் செயலியை வைத்து ஒப்பேற்றலாம். வெள்ளை எல்ஈடி என்றால் லக்ஸைச் சுமார் 70-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளி விழுகிறது என்று தோராயமாக வந்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200. அந்த அளவில் தினம் 16 மணி நேரம் எரியவிட்டால் ஒரு நாளைக்குப் பதினொன்றரை மோல். கீரைக்கு அது போதும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும்.

இரண்டாவது, மின்கட்டணம். 100 வாட், 16 மணி நேரம், அறுபது நாள்: 96 யூனிட். தமிழ்நாட்டில் அப்போது இரண்டு மாதத்துக்கு அரசு தந்த இலவச யூனிட் நூறு. அரசு கொடுத்த வெளிச்சத்தை அப்படியே கீரைக்குக் கொடுத்துவிட்டோம் என்று மனைவி சொன்னாள்.

மூன்றாவது, தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் உப்பின் அளவு 1.6 காட்டியது. கீரைக்கு உரம் கலந்து கொடுக்க வேண்டிய கரைசலே அவ்வளவுதான். அதாவது உரம் போட இடமே இல்லாத தண்ணீர். ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தேன். தென்னை நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை, பொள்ளாச்சியிலிருந்து உலகத்துக்கே போகிறது. ஆனால் அதிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசாமல் விதை போட்டால் முளை கருகும். நான் அலசவில்லை, கருகியது. மறுபடி போட்டேன்.

நான்காவது, சூடு. மே மாதம் மதியம் கூடாரத்துக்குள் 37 டிகிரி. கொத்தமல்லி இரண்டு வாரத்தில் பூவெடுத்து வீணானது. விளக்கை இரவுக்கு மாற்றினேன். மாலை ஆறு மணிக்குப் போட்டு காலை பத்துக்கு அணைப்பது. மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் குழாயும் மாட்டி, சூட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினேன். பாலக்கும் புதினாவும் பிழைத்துக்கொண்டன.

இந்தப் பொருள்களை வாங்கும்போதெல்லாம் இணையக்கடை ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது: கார்பன் ஃபில்டர். வெளியேறும் காற்றிலிருந்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் உருளை. கீரைக்கு என்ன வாசனை? புதினா வாசனை வந்தால் நல்லதுதானே? பிறகு விமர்சனங்களைக் கவனித்துப் படித்தேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து எழுதுபவர்கள் எல்லாரும் "தக்காளி" வளர்த்தார்கள். தக்காளிக்கு ஏன் வாசனை வடிகட்டி, தக்காளி ஏன் பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. எட்டு மாதம் நான் கரைத்துக் குடித்த அறிவில் பெரும்பகுதி கஞ்சா வளர்ப்பவர்கள் சேர்த்துவைத்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

*

அதற்கு வரலாறே இருக்கிறது. 1989-இல் அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை 'ஆபரேஷன் க்ரீன் மெர்ச்சன்ட்' என்ற பெயரில் வீட்டுத் தோட்டப் பொருள் விற்கும் கடைகளைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது. விளக்கும் உரமும் விற்பது குற்றமில்லை. ஆனால் யார் வாங்குகிறார்கள் என்ற பட்டியல் அந்தக் கடைகளில் இருந்தது.

1992-இல் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்தபடி, வெப்பத்தைப் படமெடுக்கும் கருவியை அதிகாரிகள் அந்த வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பினார்கள். கராஜின் கூரையும் பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட கஞ்சாச் செடிகள். கைலோ வழக்கு என்று பெயர். 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், வாரன்ட் இல்லாமல் இப்படிச் சுவருக்குள் எட்டிப் பார்த்தது தவறு என்றது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி ஸ்காலியா. செடியைக் கண்டுபிடிக்கும் அதே கருவி, அந்த வீட்டுப் பெண் தினமும் எத்தனை மணிக்குக் குளிக்கிறார் என்பதையும் காட்டிவிடும் என்பது அவர் கவலை.

அதைப் படித்த அன்று என் கூடாரத்தின் ஜிப்பை வேறு மாதிரிப் பார்த்தேன். பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் புத்தகத்தில் க்ளாக்கன் ஒரு கதை சொல்வான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. திருப்பிப் போட்டால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். கைகெஸின் மோதிரம் என்று அதற்குப் பெயர். அப்படி ஒரு மோதிரம் கையில் இருந்தால் எந்த மனிதனாவது யோக்கியனாக இருப்பானா என்பது க்ளாக்கனின் கேள்வி. வெளிச்சம் கசியாது, வாசனை வராது, வெளியே இருந்து பார்த்தால் துணி அலமாரி. எனக்குத் தெரியாமலே அந்த மோதிரத்தை மாதத் தவணையில் வாங்கி வைத்திருந்தேன்.

*

அதைப் போட்டுப் பார்க்கும் நாளும் வந்தது.

கல்லூரி நண்பன், குரோம்பேட்டையில் இருக்கிறான். அவன் அப்பாவுக்குப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை வந்தான். காபி குடித்தோம். எல்லாரிடமும் காட்டுவதுபோல் அவனிடமும் கூடாரத்தைத் திறந்து காட்டினேன். விளக்கு, ஃபேன், டைமர் எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் ரொம்ப நேரம் பாலக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இதுல ஒரே ஒரு செடி வச்சா என்னடா?"

"என்ன செடி?"

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தேவைப்படவில்லை.

"அப்பாவால ஒரு இட்லி உள்ள தள்ள முடியலடா. மூணாவது ரவுண்டு. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. வெளிநாட்டுல இதுக்கு டாக்டரே எழுதிக் குடுக்கறாங்க. இங்க தெருவுல வாங்கலாம், ஆனா அதுல என்ன கலந்திருக்கான், எங்கருந்து வருது, ஒண்ணும் தெரியாது. நீ வளர்த்தா உனக்குத் தெரியும்ல."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கஞ்சாவின் முக்கிய வேதிப்பொருளான டிஹெச்சியைச் செயற்கையாகத் தயாரித்த ட்ரோனபினால் என்ற மாத்திரையை, கீமோ வாந்திக்காக அமெரிக்க மருந்துத் துறை 1985-இலேயே அனுமதித்தது. நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1985. அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1839-இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஒ'ஷானெஸி வலிப்புக்கும் தசைவிறைப்புக்கும் இந்தச் செடியைக் கொடுத்துப் பார்த்து எழுதியதிலிருந்துதான் மேற்கத்திய மருத்துவம் இதைக் கற்றது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாமா என்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான்.

நான் சொன்னது இது: "அதெல்லாம் தப்புடா மச்சான். அப்பா எப்படிப்பட்ட மனுஷன்? வாழ்க்கையில ஒரு பீடி பிடிச்சிருப்பாரா? கடைசி காலத்துல அவரை இதுக்குள்ள இழுக்காத."

அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு அவனே ஜிப்பை மூடினான். "சரிடா" என்றான். கிளம்பும்போது மனைவி கொடுத்த பாலக்குக் கட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

*

அன்று இரவு அவன் கேட்டது தப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அந்தக் கேள்வி மாறிவிட்டது. "தப்பு" என்று சொன்னேனே, அந்தச் சொல் என் வாயில் எங்கிருந்து வந்தது?

அவன் சொல்லி முடிப்பதற்குள் என் தலைக்குள் ஓடிய பட்டியல் எனக்குத் தெரியும். வீட்டுக் கடன், இன்னும் பதினான்கு வருடம். கம்பெனி அனுப்பவிருந்த பயணத்துக்கான விசா. நாலு வயது மகள். அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குழு. கடைசியாகச் சட்டம். அதை அவன் போனபின்தான் விவரமாகப் படித்தேன். படித்தபோது என் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

சட்டத்தின் 20-ஆம் பிரிவு விநோதமானது. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அது 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வளர்ப்பதற்குச் சிறிய அளவு பெரிய அளவு என்ற பாகுபாடே கிடையாது. ஒரு செடியும் ஒரு மலைச்சரிவும் ஒரே பிரிவில் வருகின்றன. தெருமுனையில் ஐம்பது கிராம் வாங்கியவனைவிட, யாரிடமும் வாங்காமல் யாருக்கும் விற்காமல் ஒரு தொட்டியில் வளர்த்தவனுக்குத் தண்டனை அதிகமாக இருக்கலாம். 25-ஆம் பிரிவின்படி தெரிந்தே இடம் கொடுத்தவனுக்கும் அதே தண்டனை. 46-ஆம் பிரிவின்படி தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பதை நில உரிமையாளர் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். அதே சட்டத்தில் 'கஞ்சா' என்பதற்கான வரையறை பூங்கொத்தைத்தான் குறிக்கிறது. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங் விற்க முடிகிறது. இலையைத் தின்னலாம், அந்த இலை விடும் செடியை வளர்க்கக் கூடாது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் பயமும் இல்லை. 2023 ஜூனில் சிவமொக்காவில் வாடகை வீட்டுக்குள் கூடாரமும் விளக்கும் வைத்துச் செடி வளர்த்ததாக மருத்துவ மாணவர்கள் கைதானார்கள். செய்தியோடு வந்த படத்தில் இருந்த கூடாரம் என்னுடையதுபோலவே இருந்தது. 2024 நவம்பரில் பெங்களூரில் ஒரு பெண் தன் பால்கனித் தொட்டிகளைப் பெருமையாகப் படமெடுத்து முகநூலில் போட்டார். பார்த்தவர்களில் யாரோ இலையை அடையாளம் கண்டுகொண்டார்கள். கணவன் மனைவி இரண்டு பேர்மேலும் வழக்கு.

*

பயம் இருந்தது, சரி. அதனாலேயே அந்தச் செயல் தப்பில்லை என்று ஆகிவிடாது. அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1893-இல் பிரிட்டிஷ் அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு ஏழு தொகுதி அறிக்கை வந்தது. மிதமாகப் பயன்படுத்துபவர்களுக்குப் பெரிய தீங்கில்லை, முழுத் தடை தேவையில்லை, வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது. 2020 டிசம்பரில் ஐநா போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வாக்கெடுப்பு நடத்தியபோது இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல், வயதுவந்தவர் தனக்காகத் தன் வீட்டில் வளர்ப்பதை அந்தரங்க உரிமை என்ற அடிப்படையில் ஏற்றது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வீட்டில் மூன்று செடி வைத்துக்கொள்ளலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அந்த உரிமை தொட்டிச்செடி வரை நீளுமா என்பது வேறு வழக்கு.

மறுபக்கமும் இருக்கிறது. ராணுவத்தில் சேர்க்கப்பட்ட நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987-இல் லான்செட்டில் வந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. கஞ்சாதான் முழுக் காரணமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது, ஆனால் பதின்வயதில் தொடங்கி நிறையப் பிடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதைப் பிந்தைய ஆய்வுகளும் சொல்கின்றன. என் தூரத்து உறவில் ஒரு பையன் உண்டு. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்த யாரும் "அது வெறும் மூலிகைதான்" என்று சொல்ல மாட்டார்கள். அதோடு, நான் வளர்க்கும் செடியில் எவ்வளவு டிஹெச்சி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கீமோவில் இருக்கும் அறுபத்தெட்டு வயது உடம்புக்கு அளவு சொல்ல நான் யார்? கூடாரம் நிற்கும் அறையில்தான் என் மகள் விளையாடுகிறாள்.

ஆக, மறுப்பதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. "எனக்கு அளவு தெரியாதுடா", "குழந்தை இருக்கற வீடு", "டாக்டர்கிட்ட இன்னொரு தடவை பேசுவோம்" என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கும். "எனக்குப் பயமா இருக்குடா" என்பது எல்லாவற்றையும்விட உண்மையாக இருந்திருக்கும். நான் சொன்னதோ அவன் அப்பாவின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு.

கான்ட் ஒரு கடைக்காரனைப் பற்றிச் சொல்வார். அவன் குழந்தையிடம்கூட அதிக விலை வாங்குவதில்லை. காரணம் நேர்மை இல்லை, வியாபாரம் கெடக் கூடாது என்பதுதான். அவன் செய்வது சரி, ஆனால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்பார் கான்ட். எனக்கு அந்தக் கடைக்காரன்மேல் பெரிய கோபம் வந்ததில்லை. பயத்தால் ஒழுங்காக இருப்பதும் ஒழுங்குதான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவரே அறிவின்மை என்றுதான் சொல்கிறார். கடைக்காரன் பக்கத்துக் கடைக்காரனுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நான் எடுத்தது அந்த வகுப்பு.

பயம் என்று சொல்லியிருந்தால் நண்பன் என்னைக் கோழை என்று நினைத்திருப்பான். அது என் கணக்கில் விழும். தப்பு என்று சொன்னதால், அப்பாவுக்காக அலைந்து திரிந்த ஒருவன் தன்னைக் கெட்டவனாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். என் பயத்தின் செலவை அவன் கட்டினான்.

*

இப்படிப் பெயர் மாற்றுவது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை என்று பிறகு தோன்றியது.

1930 ஏப்ரல் 30, வேதாரண்யம். திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்த ராஜாஜி அங்கே உப்பெடுத்தார், கைதானார். உப்பும் மண்ணில் தானாக விளைவதுதான். வீட்டுக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்வதுகூடக் குற்றம் என்று ஓர் அரசு சொன்னது. தப்பென்று தோன்றிய சட்டத்தை அவர்கள் பகலில், எல்லார் முன்னாலும் மீறி, தண்டனையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது ஒரு வழி. கூடாரத்துக்குள் வளர்த்து ஜிப்பை மூடிக்கொள்வது இன்னொரு வழி. அதில் சட்டம் மாறாது, மாட்டிக்கொள்ளாத வரை நான் மட்டும் தப்பித்துக்கொள்வேன். மூன்றாவது, சட்டத்துக்குப் பணிவது. நான் மூன்றாவதைச் செய்துவிட்டு முதல் வழிக்காரர்களின் குரலில் பேசினேன்.

மோதிரத்தைப் பற்றி க்ளாக்கன் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அந்த மோதிரம் எல்லார் கைக்கும் கிடைக்குமா?

எக்ஸாஸ்ட் ஃபேனும் அலுமினியக் குழாயும் வாங்கிக்கொண்டு வந்த இரவு, வழியில் ஓரிடத்தில் வாகனச் சோதனை. மணி பதினொன்று இருக்கும். டார்ச் அடித்துப் பின்சீட்டைப் பார்த்த காவலர், "என்ன சார் இது?" என்றார். "செடி வளர்க்கறதுக்கு சார், வீட்டுக்குள்ள" என்றேன். அப்போது அதில் இருந்த நகைச்சுவை எனக்குத் தெரியாது. "சரி, போங்க சார்." கண்ணாடியை ஏற்றும்போது பார்த்தேன். எனக்குப் பின்னால் உணவு டெலிவரிப் பையோடு ஒரு பையன், இருபது வயதிருக்கும். பையைத் திறக்கச் சொன்னார்கள். பிறகு கையை நீட்டச் சொல்லி விரலை முகர்ந்து பார்த்தார்கள். யாரும் அவனை அடிக்கவோ திட்டவோ இல்லை. அவன் பழகியவன்போல நீட்டினான். அந்தப் பழக்கம்தான் எனக்கு மறக்கவில்லை. செடி வளர்க்கும் கருவிகளோடு நான் "சார்" ஆகப் போனேன். யாருடைய பிரியாணியையோ சுமந்து வந்தவன் விரலைக் காட்டினான்.

2021 டிசம்பரிலிருந்து மாநிலம் முழுக்க 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் போலீஸ் நடவடிக்கைகள் நடந்தன. அதே ஆண்டு ஆந்திராவில் விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்ற பெயரில் பயிர்களை வெட்டி எரித்தார்கள். அந்த மலையில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி விவசாயிகள். அங்கிருந்து சரக்கு ரயிலேறித் தெற்கே வருகிறது, தாம்பரம் ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பை பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. வளர்த்த விவசாயி, சுமந்து வந்த கூலி, தெருவில் விற்ற பையன், எல்லாரும் வெட்டவெளியில் நிற்கிறார்கள். நுங்கம்பாக்கத்திலோ ஓஎம்ஆரிலோ ஏசி அறையில் புகைப்பவனுக்குச் சுவர் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், "பையன் ஏதோ தெரியாம பண்ணிட்டான்" என்று சொல்ல அப்பா இருக்கிறார். செடி ஒன்றுதான், அதற்கான பயம் ஆளுக்கு ஆள் வேறு.

என் பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். இவ்வளவு பாதுகாப்பு இருக்கும் எனக்கே இத்தனை பயம் என்றால், அந்தப் பையனுக்கு எவ்வளவு இருக்கும்? அதற்கு 'அறம்' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்வி வராது. நான் யோக்கியன், அவன் சந்தேகத்துக்குரியவன் என்பதோடு கதை முடிந்துவிடும். பெயர் மாற்றுவதன் வசதி இதுதான். கஞ்சாவைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு நடக்கும் விதத்தைக் கவனித்தால் இந்த வசதி எங்கும் தெரியும். பிள்ளைக்கு மனநோய் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது, அதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம். நாம் "நல்ல குடும்பத்துப் பசங்க செய்யற வேலையா" என்று ஆரம்பிக்கிறோம். பிள்ளை அதோடு காதை மூடிக்கொள்கிறது.

*

அடுத்த கீமோவுக்கு முன்னால் நண்பன் டாக்டரிடம் வாந்தியைப் பற்றி விவரமாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை அப்பா "பரவாயில்லை, தாங்கிக்கறேன்" என்றே டாக்டரிடம் சொல்லி வந்திருக்கிறார். மருந்தை மாற்றினார்கள். முழுதாக நிற்கவில்லை, ஆனால் கஞ்சி உள்ளே போனது, சில நாள் இட்லியும் போனது. ஐந்து மாதம் கழித்து, தை மாதம், அவர் போய்ச் சேர்ந்தார். அந்தச் செடி இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சாப்பிட்டிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மறுத்தது சரியாகவே முடிந்தது என்று இதைக் காட்டி நிரூபிக்கவும் நான் விரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் வந்தான். கூடாரத்தைத் திறந்தேன். அந்த வாரம் வெந்தயக்கீரை நன்றாக வந்திருந்தது. அவன் குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தான்.

"அன்னைக்கு நான் தப்புன்னு சொன்னேன்ல," என்றேன். "அது தப்புங்கறதுக்காக சொல்லலடா. பயந்துட்டேன்."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"உன் மூஞ்சியப் பார்த்தா தெரியாதா? நீ அதையே சொல்லியிருக்கலாம். நானும் பயந்துட்டுதான கேட்டேன். அதை விட்டுட்டு அப்பாவ ஏன்டா இழுத்த?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. டைமர் 'டிக்' என்றது, மணி ஆறு. மேலே விளக்கு எரிந்தது. அவன் கண்ணைக் கூசிக்கொண்டு, "இதுல மிளகாய் வருமா?" என்று கேட்டான். "வெளிச்சம் பத்தாது, இன்னொரு விளக்கு போடணும்" என்றேன்.